மறுப்பும் மௌனமும்

கலைப்பீடமொன்றின் இணையவழிக் கற்றற் சேவையகத்தைப் பேணும் பொறுப்பு இளம் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரிடம் இருந்தது. ஒருநாள் மாலை, முதலாம் வருட மாணவர் அச்சேவையகத்தினூடாக ஒரு மணிநேரத் தேர்வொன்றை எழுதிக்கொண்டிருந்த வேளையில், கண்காணிப்பு முகவருடன் தொடர்பு கிட்டவில்லை என்ற எச்சரிக்கை அவரது கைத்தொலைபேசிக்கு வந்தது. பதற்றமுற்ற அவர் வீட்டிலிருந்தபடியே சேவையகத்துட் புகுந்து அதனை மீள இயக்கினார். அது திரும்ப எழச் சில நிமிடங்களே சென்றன. ஆயின் அதற்கிடையில் பலர் எழுதிச் சேமியாதிருந்த விடைகள் அழிந்தன; தேர்வின் நேரக்கணிப்போ நிற்காது ஓடிற்று. எச்சரிக்கையும் நீங்கவில்லை. மீள இயக்கும் கட்டளையைச் சேவையகம் ஏற்றுக்கொண்டதே அது நலமாயிருந்தமைக்குப் போதிய சான்று என்பதை அவர் அவ்வேளையில் எண்ணிப்பார்க்கவில்லை.

கண்காணிப்பு முகவர் என்பது சேவையகத்தினுள்ளே ஓயாது இயங்கும் ஒரு சிறு மென்பொருள். லற்வியா நாட்டவரான அலெக்ஸி விளாடிஷெவ் 2001 இல் பொதுவில் வெளியிட்ட ஸாபிக்ஸ் என்னும் தொகுதியே அங்கு பயன்பாட்டில் இருந்தது. அதன் முகவர் வழமையாக 10050 ஆம் இலக்கத் துறையிலே காத்திருக்கும். வேறோரிடத்திலுள்ள கண்காணிப்புக் கணினி குறித்த இடைவெளிகளில் அத்துறையைத் தட்டி, நினைவகம் எவ்வளவு எஞ்சியுள்ளது, வட்டு நிரம்பிவிட்டதா என்றெல்லாம் வினவும். விடை வராதொழியின் எச்சரிக்கை எழும். எனவே எச்சரிக்கை கூறுவது வினவியவருக்கு விடை கிட்டவில்லை என்பது மாத்திரமே. சேவையகம் வீழ்ந்தது என்று அது கூறுவதில்லை. அவ்வாறு வாசித்தவர் மனிதர்.

விடை கிட்டாமை எல்லாம் ஒரு தன்மையன அல்ல. 1981 இல் வகுக்கப்பெற்று இன்றுவரை இணையத்தைத் தாங்கிநிற்கும் ரி.சி.பி. விதிமுறையின்படி, ஒரு துறையிலே கேட்பார் எவரும் இல்லையெனின், அக்கணினியே உடனடியாக மறுப்பொன்றைத் திருப்பி அனுப்பும். லினக்ஸ் அதனை 111 ஆம் இலக்க வழுவாகக் காட்டும். இம்மறுப்பு பெரும்பாலும் நற்செய்தி என்றே கொள்ளத்தக்கது; கணினி விழித்திருக்கிறது, முகவர் மட்டுமே இயங்கவில்லை. மௌனம் வேறு. அனுப்பிய பொதிக்கு யாதொரு மறுமொழியும் இன்றிக் காலம் கடந்துபோவதாயின், இடையிலுள்ள தீச்சுவர் பொதியை விழுங்கியிருக்கலாம், பாதை அறுந்திருக்கலாம், கணினியே அணைந்திருக்கவும் கூடும். உண்மையில் அஞ்சவேண்டியது இதற்கே. இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகையொன்றும் உண்டு. கதவு திறக்கும், ஒரு சொல்லும் பேசப்படாமல் உடனே மூடப்படும். முகவர் தன் அமைப்புக் கோப்பிலே அனுமதிக்கப்பட்ட முகவரிகளை மட்டுமே மதிக்கும். பிறர் வரின் இணைப்பை ஏற்றுப் பின் துண்டித்துவிடும்.

அன்று நேர்ந்தது இம்மூன்றாவது. அன்று பிற்பகல் வலையமைப்புப் பிரிவினர் கண்காணிப்புக் கணினியின் ஐ.பி. முகவரியை மாற்றியிருந்தனர், அதனை எவருக்கும் அறிவிக்கவில்லை. முகவரோ பழைய முகவரியையே அறிந்திருந்தது. இரவு நெடுநேரம் உத்தியோகத்தர் தீச்சுவரைச் சோதித்தார். தம் வீட்டுக் கணினியிலிருந்து அத்துறையைத் தட்டியும் பார்த்தார். திறந்து மூடிற்று. அவருடைய முகவரியும் அனுமதிக்கப்பட்டதன்று. ஆகவே அச்சோதனையால் எதுவும் துணியக்கூடவில்லை. கண்காணிப்புக் கணினி நிற்கும் இடத்திலிருந்தே கேட்டிருக்கவேண்டும். நள்ளிரவின் பின்னரே முகவரின் பதிவேட்டைத் திறந்தார். இன்ன முகவரியிலிருந்து வந்த இணைப்பு நிராகரிக்கப்பட்டது, அனுமதிக்கப்பட்டது இன்ன முகவரி என்று இரண்டும் அருகருகே, ஒரே வரியாக, மாலை முதல் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருந்தன. அனுமதிப் பட்டியலில் ஒரு முகவரியைத் திருத்தி, முகவரை மட்டும் மீள இயக்கினார். எச்சரிக்கை நீங்கிற்று.

மறுநாட் காலை பீடத்தின் அறிவித்தற் பலகையில், சேவையகக் கோளாறு காரணமாகத் தேர்வு பாதிக்கப்பட்டது என்றும், விடைகளைச் சமர்ப்பித்தவர்க்கு மாத்திரம் புள்ளி வழங்கப்படும் என்றும் ஒட்டப்பட்டிருந்தது. உத்தியோகத்தர் விரிவுரையாளரிடம் சென்று, சேவையகத்திற் கோளாறு எதுவும் இருக்கவில்லை, அதனை நிறுத்தியவர் தாமே என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் தேர்வு மீள நடந்தது. அதற்கான அறிவித்தலில் காரணம் எதுவும் குறிப்பிடப்படவில்லை.