டெண்டரில் எதை எழுதுவது

ஜொகூரில் குப்பை அள்ளும் வேலையும் புல், சாக்கடை போன்ற பொதுத் துப்புரவும் 2011 செப்டம்பர் 1 அன்று ஊராட்சி மன்றங்களின் கையை விட்டுப் போயின. 672ஆம் திடக்கழிவுச் சட்டப்படி மேற்பார்வை எஸ்டபிள்யூகார்ப் என்ற அரசு அமைப்பிடம். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான் மூன்றுக்கும் எஸ்டபிள்யூஎம் என்விரோன்மென்ட் நிறுவனத்துக்கு 22 ஆண்டுக் குத்தகை. இவ்வளவு நீண்ட குத்தகையில் தொடக்கத்தில் எழுதிவைத்ததுதான் பெரும்பாலும் கடைசிவரை ஓடும்.

*

‘மாதம் இத்தனை முறை புல் வெட்டு’ என்று எழுதினால் பில்லில் முறைதான் வரும். டிசம்பர் மழையில் வெட்டிய தடம் தெரியாமல் புல் ஏறிவிடும்; வறண்ட மாதத்தில் மெஷின் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போகும். இரண்டுக்கும் ஒரே காசு. ‘எந்த நாள் வந்து பார்த்தாலும் இந்த உயரத்தைத் தாண்டக் கூடாது’ என்று எழுதுங்கள். எப்போது வெட்டுவது என்பது குத்தகையாளர் பாடு.

*

சாக்கடை அவ்வளவு சுலபமில்லை. சேற்றை வாரி ஓரத்தில் குவித்தால் ‘வேலை முடிந்தது’ என்று டிக் விழும். அடுத்த மழையில் அதே சேறு உள்ளே இறங்கும். அதனால் மழை விட்டபின் தண்ணீர் வடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் கடல் ஏற்றத்தில் தண்ணீர் எதிர்த்து நின்றால் குத்தகையாளர் என்ன செய்வார்? கைக்கு எட்டாததற்கு அபராதம் போட்டால் அதையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். எது அவர் பொறுப்பு, எது இல்லை என்று பிரித்து எழுதியாக வேண்டும்.

*

2015 செப்டம்பரில் குப்பையைப் பிரித்துப் போடும் திட்டம் வந்தது: வாரம் 2 நாள் மீதக் குப்பை, 1 நாள் மறுசுழற்சிப் பொருளும் பெரிய சாமான்களும். லோரி தெருவுக்கு வந்ததை ஜிபிஎஸ் காட்டும். அட்டையும் போத்தலும் தனியாகவே போய்ச் சேர்ந்தனவா என்பதை எடைமேடைதான் காட்டும். அள்ளிய டன்னுக்குக் காசு என்று வைத்தால் குப்பை பெருகினால்தான் லாபம். ஜொகூரின் சீலோங் குப்பைமேட்டுக்குப் போவது குறைந்தால் கூடுதல் காசு என்று வைக்க வேண்டும்.

*

பலன் வந்தால் போதும் என்று எல்லாவற்றையும் விட முடியாது. லோரிக்குப் பின்னால் நின்றுகொண்டே போகிறவரின் கையுறை, பூட்ஸ், சம்பளம், ஓவர்டைம்: இவற்றை வரி வரியாக எழுத வேண்டும். மலிவு விலை முதலில் கடிப்பது இவரைத்தான்.

*

பாசீர் கூடாங், கிம் கிம் ஆறு, 2019 மார்ச். ஆற்றில் கொட்டிய ரசாயனக் கழிவால் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றிலிருந்து எத்தனை டன் கசடு எடுத்தோம் என்பது வேலைக் கணக்கு மட்டுமே. வகுப்பறைக் காற்று எத்தனை நாள் தொடர்ந்து சுத்தமாக இருந்தால் வேலை முடிந்ததாகும்? அதை யார், எந்தக் கருவியால் அளப்பது? தொழிற்பேட்டை உள்ள ஒவ்வொரு ஊரிலும் இதையெல்லாம் எழுதிவைத்த துப்புரவு ஒப்பந்தம் முன்கூட்டியே கையெழுத்தாகி இருக்க வேண்டும். கழிவு கொட்டிய பிறகு கொட்டேஷன் கேட்க நேரம் இருக்காது.