பயிற்சிக்குப் போகிறவரின் கூலி

தென்காசிப் பக்கத்துக் கிளைக் கிராமங்களில் பங்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறை பூசைக்கு வந்தாலே பெரிது என்றிருந்த காலம் உண்டு. மற்ற நாளெல்லாம் கோயில் உபதேசியார் கையில் இருக்கும். என் அப்பா உபதேசியார். விடியற்காலை மணி அடிப்பார், கோயில் தாழ்வாரத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து மந்திரம் சொல்லிக்கொடுப்பார், சாயங்காலம் செபமாலை. இழுத்துக்கொண்டு கிடக்கிறவர் வீட்டுக்கு எந்தச் சாமத்திலும் கூப்பிட்டு வருவார்கள். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால் அவரே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பார். ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம்.

அவருக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. தனக்கு முந்தைய உபதேசியாருக்கு அரிக்கேன் விளக்குப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்திருக்கிறார். எந்த வீட்டில் என்ன பேசினார், எந்த வீட்டில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார் என்பதெல்லாம் அந்த வெளிச்சத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். மூத்தவர் படுக்கையில் விழுந்தபோது கோயில் சாவி இவர் கைக்கு வந்தது.

பங்கிலிருந்து வந்த மாதச் சம்பளம் சொற்பம். அறுவடைக்கு வீட்டுக்குக் கொஞ்சம் நெல், திருவிழாவுக்கு ஒரு வேட்டி. எங்களை வளர்த்தவை அம்மாவின் எருமைகள். பால் ஊற்றி, சாணி தட்டி விற்று அவள் வீட்டை நிறுத்தி வைத்திருந்ததால்தான் அப்பாவால் ராத்திரியில் கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போக முடிந்தது. சிறுவயதில் அந்த வேதப்பணியை அப்பாவுடையது என்றே எண்ணியிருந்தேன். எழுபதைத் தாண்டிய பிறகு பார்க்கும்போது அதில் சரிபாதி அம்மாவுடையதாகத் தெரிகிறது.

இந்தச் சோற்றுக் கணக்கை நம் மண்ணில் அன்றே பார்த்தவர் புனித சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், உள்ளூர் ஆட்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணி அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அறிந்த கதை இது. ஆனால் ஒரு கரையை விட்டு அடுத்த கரைக்குப் போகுமுன் அவர் செய்த காரியத்தை அதிகம் பேர் சொல்வதில்லை. ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்து, எழுதிய செபங்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். அந்தக் கணக்கப்பிள்ளைகளின் பிழைப்புக்கு எங்கிருந்து பணம்? அந்தக் கரையிலிருந்து போர்ச்சுக்கல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை அவர்களுக்காகக் கேட்டு வாங்கினார். மனப்பாடச் செபமும் மாதக் கூலியும் அவர் மனத்தில் ஒரே ஏற்பாடாக இருந்திருக்கின்றன. எனக்கு அவர்மேல் பக்தி வந்ததற்கு அவர் செய்த புதுமைகளைவிட இந்தக் கணக்குதான் காரணம்.

அவருக்குப் பின் வந்தவர்களும் வேதியரை, அதாவது உபதேசியாரை, சும்மா அனுப்பிவிடவில்லை. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் கொடுத்த தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது. நம் நாட்டில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் ஒரு மறைக்கல்விப் புத்தகம். வீரமாமுனிவர் தேம்பாவணி பாடியதோடு நிற்காமல் 1727இல் வேதியர் ஒழுக்கம் என்று உரைநடையில் ஒரு நூலே செய்தார். வேதியராக இருப்பவர் எப்படி நடக்க வேண்டும், எதற்காக இந்தப் பணி என்று அவர்களுக்கென்றே எழுதியது. பொதுநிலையினர் மறை சொல்வதன் அருமை அடுத்த தலைமுறையிலேயே விளங்கிற்று. திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்டப்பிள்ளை துயரத்தில் இருந்த நாளில் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் குரு அல்ல, தெலனாய் என்ற டச்சுத் தளபதி. ஒரு பொதுநிலையினர் இன்னொருவருக்குச் சொன்ன மறை. நீலகண்டப்பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, விளக்குப் பிடித்து நடந்த என் அப்பாவை நினைத்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்த பிறகு காற்று மாறியது. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிக்கென்றே 1965இல் சங்கம் ஓர் ஏடு வெளியிட்டது. பயிற்சியைப் பற்றி அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. 1967இல் பெங்களூரில் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டுத் தேசிய மையம் தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்திய அமலோர்பவதாஸ் அடிகளார் நம் கல்லேரிக்காரர். தமிழகத்துக்கென்று திண்டிவனத்தில் ஒரு நடுநிலையம் இருக்கிறது. 1973இல் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகப் பொதுநிலையினரை அனுமதித்தார்கள். அதே ஆண்டில் எங்கள் பக்கம் மதுரையிலிருந்து பிரிந்து பாளையங்கோட்டை மறைமாவட்டம் ஆனது.

கோடை விடுமுறைகளில் நானும் பயிற்சிகளுக்குப் போனேன். விவிலியத்தை வரலாற்றோடு சேர்த்துப் படிக்கவும், ஒரு சிறு கூட்டத்தை நடத்தவும் அங்கேதான் கற்றேன். இன்றுவரை அதற்கு நன்றியோடு இருக்கிறேன். அந்த வகுப்புகளில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள். எங்களுக்கு விடுமுறை நாளிலும் சம்பளம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு மதினி இருந்தாள். சொந்தத்தில் மதினி முறை, தெருவில் பாதிப் பேருக்கும் அவள் மதினிதான். பீடி சுற்றிப் பிழைத்தவள். சின்னப் பிள்ளையாக என் அப்பாவிடம் கோயில் தாழ்வாரத்தில் கற்ற மந்திரங்கள், மன்றாட்டு மாலைகள் அத்தனையும் அவளுக்கு வாயில் நின்றன. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அன்பியங்கள் என்ற சிறு குழுக்கள் தொடங்கி வீட்டுக்கு வீடு செபக்கூட்டம் நடந்தபோது எல்லோரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், எப்போது தொடங்குவாள் என்று.

கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போன ஓர் இளவட்டத்தின் உடல் நள்ளிரவில் வந்தது. பங்குச் சாமியார் வெளியூரில். கட்டியவள் தலையில் அடித்துக்கொண்டு, 'ஆண்டவன் எனக்கு ஏன் இப்படிச் செஞ்சான், நான் என்ன பாவம் பண்ணேன்' என்று கூடியிருந்த ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டாள். எனக்கு யோபு ஆகமத்தைப் பற்றி வகுப்பெடுக்கும் அளவுக்குத் தெரியும். அந்த இடத்தில் அதைத் திறக்க எந்த மனிதனுக்கும் நா எழாது. மதினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் இழுத்துவைத்துக்கொண்டு, புனிதர் மன்றாட்டு மாலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் பதில் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அந்த வீட்டின் அழுகை ஒரு நடைக்கு வந்தது. நீண்ட நேரம் கழித்து அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து பதில் சொன்னாள்.

மதினியைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்போது எங்கள் பங்கில் பணிசெய்த கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவர் ஆசைப்பட்டார். நானும் கூடப் போய்க் கேட்டேன். மதினி பீடித் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொழுந்தனாரே, மூணு நாள் தட்டைத் தூக்கி வச்சா மூணு நாள் அடுப்பும் அணைஞ்சுல்லா கெடக்கும்."

சிஸ்டர் மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் விவிலியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மதினி பீடி சுற்றும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். காலையில் இலை நனைத்து வெட்டி முடித்த பெண்கள் மத்தியானத்துக்கு மேல் ஒரே திண்ணையில் கூடிச் சுற்றுவார்கள். கை தன் வேலையைச் செய்யும், காது சும்மா இருக்கும். சிஸ்டர் மாற்கு நற்செய்தியை ஆரம்பத்திலிருந்து வாசித்தார். பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்த புதிது, வாசித்தால் காதில் நேராக விழும் தமிழ். சிஸ்டருக்குத் தொண்டை கட்டும் நாளில் நான் வாசிப்பேன். தூள் நெடியில் எனக்கு இருமல் வரும், அவர்கள் சிரிப்பார்கள்.

ஐந்தாம் அதிகாரம் வந்தது. தொழுகைக்கூடத் தலைவர் யாயிரின் மகள் சாகக் கிடக்கிறாள், இயேசு அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். வழியில் பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் வருந்திய ஒருத்தி, கையிலிருந்ததையெல்லாம் வைத்தியர்களிடம் தொலைத்தவள், கூட்டத்தில் பின்னால் வந்து அவர் ஆடையைத் தொடுகிறாள். அவர் நின்று, தொட்டது யார் என்று கேட்கிறார்.

வாசித்து முடித்ததும் திண்ணை கொஞ்ச நேரம் பேசாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு ஓர் ஓரத்திலிருந்து, "பெரிய மனுசன் வீட்டு அவசரத்துல போறவரு, இவளுக்காவ நின்னுட்டாருல்லா" என்றாள் ஒருத்தி. மதினி சொன்னாள்: "அவ பின்னால வந்து தொட்டா. முன்னால வந்து நிக்க அவளுக்கு யாரு எடம் விட்டா?" சிஸ்டர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்கவில்லை. அந்த அதிகாரத்துக்கு நான் எத்தனையோ விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். யாயிரைக் காத்திருக்கவைத்துவிட்டு அவர் நின்றார் என்பதில் எந்த விளக்கவுரையாளரும் எனக்கு அந்த அளவு அழுத்தம் காட்டியதில்லை.

பிறகு நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோக ஆள் தேர்ந்தெடுத்தபோது மதினி பெயர் வந்தது. பங்குப் பேரவையில் பீடித்தூள் வாசனையைப் பற்றி ஒருவர் முணுமுணுத்தார். பங்குத்தந்தை அதைக் காதில் வாங்கவே இல்லை. ஆனால் பயிற்சிக்குப் போகாமல் பணி ஏற்க முடியாது. அது நியாயமான விதி. நற்கருணையைத் தொடுகிறவருக்கு அதன் அர்த்தம், எடுத்துப்போகும் முறை, நோயாளியின் படுக்கைப் பக்கத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். பக்தி இருக்கிறது, அது போதும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மதினிக்கும் இல்லை. "படிக்கணும் கொழுந்தனாரே, தப்பாச் செஞ்சிரக் கூடாதுல்லா" என்றாள்.

அந்த முறை அவள் போய்வந்தாள். எப்படிப் போனாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். திண்ணையில் இருந்த மற்றப் பெண்கள் அந்த நாட்களில் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து, தங்கள் கணக்குக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, அதையெல்லாம் மதினியின் கணக்குப் புத்தகத்தில் சேர்த்திருக்கிறார்கள். கடையில் ஒரு நாள் கணக்குகூடக் குறையவில்லை. சாமியாருக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறவர்கள் நெகிழ்ந்துபோகிறார்கள். நானும்தான் நெகிழ்கிறேன். ஆனால் நெகிழ்ந்து நின்றுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பங்கு செய்திருக்க வேண்டிய செலவை, பங்கிலேயே ஏழைகளான பெண்கள் தங்கள் விரலாலும் தூக்கத்தாலும் கட்டினார்கள். என் அம்மா எருமை மேய்த்துக் கட்டியதும் இதே செலவைத்தான். திருச்சபைச் சட்டத்தின் 231ஆம் எண் இரண்டு பகுதி கொண்டது. சிறப்புப் பணிக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கும் பொதுநிலையினர் தகுந்த பயிற்சி பெறக் கடமைப்பட்டவர்கள் என்பது முதல் பகுதி. அவர்கள் தங்களையும் தங்கள் குடும்பத்தையும் கண்ணியமாகக் காப்பாற்றிக்கொள்ளத் தக்க ஊதியத்துக்கு உரிமை உடையவர்கள் என்பது இரண்டாம் பகுதி. முதல் பகுதியை எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறேன். இரண்டாவதை யாரும் வாசிப்பதில்லை.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் திறந்தார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணிகளில் ஒன்றாக ஏற்படுத்தினார். விவிலியத்திலும் இறையியலிலும் மேய்ப்புப் பணியிலும் கற்பிக்கும் முறையிலும் அவர்களுக்குத் தக்க பயிற்சி வேண்டும் என்று அதற்கான மடலில் எழுதியிருக்கிறார். என் அப்பா கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்! மதினியும் இப்போது இல்லை. அவள் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் இரண்டு பேர் அந்தப் பயிற்சிக்குத் தகுதியானவர்கள் என்று பங்கில் பேச்சு. ஒருத்தி பீடி சுற்றுகிறாள், மற்றவள் நூறு நாள் வேலைக்குப் போகிறாள்.

போன பேரவைக் கூட்டத்தில் எழுந்து இரண்டு காரியம் கேட்டேன். பயிற்சி நாளுக்கு அவர்கள் இழக்கிற கூலியைப் பங்குக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும், கருணைத் தொகை என்று எழுதாமல் பயிற்சிச் செலவு என்றே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, முடிவில் வைக்கும் எழுத்துத் தேர்வை, எழுதத் தடுமாறுகிறவர்களுக்கு வாய்மொழியாக நடத்த வேண்டும். ஒரு நற்செய்திப் பகுதியைக் கொடுத்து, ஒரு திண்ணையில் நாலு பேருக்கு விளக்கச் சொல்லி, நடத்துகிறவர் கூட உட்கார்ந்து கேட்கட்டும். முதல் காரியத்துக்குப் பொருளாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். திருவிழாப் பட்டாசுச் செலவில் கொஞ்சம் குறைத்தால் வந்துவிடும் என்றார். இரண்டாவதை மறைமாவட்டத்தில் கேட்டுச் சொல்வதாகப் பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். பதில் வரட்டும் என்று இருக்கிறேன். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் அந்த இரண்டு பெண்களோடு மாற்குவை மறுபடி முதலிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம். இப்போது நாலாம் அதிகாரத்தில் இருக்கிறோம்.