தீர விசாரிப்பதே மெய்

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்தப் பழமொழியை என் கதைகளில் எத்தனை மாமனார்களின் வாயில் போட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அதன் பொருளை எனக்கு உணர்த்தியவர் ஒரு மயக்க மருந்து டாக்டர்.

என் பேரனுக்கு நான்கு வயது. டான்ஸில் வீங்கி, இரவெல்லாம் குறட்டை. நடுநடுவே மூச்சு நின்று நின்று வரும். ஆபரேஷன்தான் வழி என்று முடிவாயிற்று. முதல் நாள் மாலை அந்த டாக்டரம்மாள் எங்கள் அறைக்கு வந்தார். சளி உண்டா, ஆடுகிற பல் உண்டா என்று விசாரித்தார். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழலில் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியாகப் பிராணவாயு கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

என் மகள் சட்டென்று கேட்டாள்: "அந்தக் குழாய் சரியான இடத்துலதான் போயிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், டாக்டர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளையை ஒப்படைக்கப் போகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? "என்னம்மா இது! டாக்டருக்குத் தெரியாதா?" என்று அவளை அடக்கினேன்.

டாக்டரம்மாளோ என்னை அடக்கினார். "அவங்க கேட்டதுதான் சரி, சார். ஒவ்வொரு தடவையும் நானே என்னைக் கேட்டுக்கிற கேள்வி அது" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்தார்.

தொண்டையில் இரண்டு பாதைகள். முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். குழாய் தவறிப் பின்பாதையில் போனால் காற்று வயிற்றுக்குப் போகும். நுரையீரல் பட்டினி கிடக்கும். முன்கூட்டியே பிராணவாயு கொடுத்திருப்பதால் சிறிது நேரம் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் குழந்தைகளுக்குக் கையிருப்புக் குறைவு. குறையத் தொடங்கினால் மளமளவென்று குறைந்துவிடும்.

"குழாய் உள்ளே போறதைக் கண்ணால பார்ப்பீங்க இல்லையா?" என்றேன்.

"பார்ப்போம், சார். பார்த்துட்டதா நினைச்சுக்கிறதும் உண்டு."

மார்பு ஏறி இறங்குவதும், குழாயில் ஆவி படிவதும்கூட ஏமாற்றுமாம். சரி, காது? 1816-ல் பிரான்ஸில் லென்னெக் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்தது முதல் டாக்டர்கள் நம்பி வந்த காது ஆயிற்றே! குழந்தையின் உடம்பு சிறியது. வயிற்றுக்குள் போகும் காற்றின் ஓசை மார்பிலும் கேட்டுவிடும் என்றார்.

பின்னே எதைத்தான் நம்புவது? குழந்தை வெளியே விடும் மூச்சை. அதிலுள்ள கரியமில வாயுவை ஒரு கருவி அளந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் ஓர் அலை வரைகிறது. வயிற்றில் தங்கிய வாயுவும் சில அலைகளைக் காட்டக்கூடும். ஆனால் அவை விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே குறைந்தது 7 மூச்சுக்காவது அலை நிலைத்து வரவேண்டும். குழாய் போட்டவர், உதவிக்கு நிற்பவர் இருவருமே அதை வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று பல நாட்டு மயக்க மருத்துவர்கள் கூடி 2022-ல் நெறிமுறை வகுத்திருக்கிறார்கள். அலை வரவில்லையென்றால், 'நான் பார்த்துத்தான் போட்டேன்' என்ற வீம்புக்கு அங்கே இடமில்லை.

அதோடு முடிந்ததா? இல்லை. பிறந்த குழந்தையின் மூச்சுக்குழல் மொத்தமே 4 அல்லது 5 சென்டிமீட்டர். குழாய் கொஞ்சம் ஆழமாய்ப் போனால் ஒரு பக்கத்து நுரையீரலுக்குள் நுழைந்துவிடும். பெரும்பாலும் வலப்பக்கம், அந்தக் கிளைதான் நேராக இருக்கிறது. அப்போதும் அலை வரும்! இதற்கு இரண்டு அக்குளிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவேண்டும். வயதில் பாதியோடு 12-ஐக் கூட்டினால் உதட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று உத்தேசமாகத் தெரியும். என் பேரனுக்கு 14. அதுவும் உத்தேசந்தான், தலையைக் குனித்தாலும் நிமிர்த்தினாலும் குழாய் நகரும்.

மறுநாள் காலை பேரனை உள்ளே கொண்டு போனார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த தெய்வங்களையெல்லாம் வேண்டிக் கொண்டேன். இடையிடையே என் மூச்சை நானே ஒன்று முதல் ஏழு வரை எண்ணிக் கொண்டிருந்தேன். மகள் வாய் திறக்கவில்லை.

முக்கால் மணி கழித்து டாக்டரம்மாள் வந்தார். "நல்லா இருக்கான். நடுவில, வாயைத் திறந்து பிடிக்கிற கருவியை வச்சதும் அலை சுருங்கிப் போச்சு. கருவி குழாயை அழுத்திடுச்சு. உதவிக்கு நின்ன பொண்ணுதான் முதல்ல சொன்னா. எடுத்துத் திருப்பி வச்சோம், சரியாயிடுச்சு" என்றார், ஏதோ ஜன்னலைச் சாத்தியதைச் சொல்வதுபோல.

எனக்கு முழங்கால் நடுங்கிற்று. அந்தப் பெண்ணும் என்னைப் போல, 'டாக்டருக்குத் தெரியாதா?' என்று மரியாதையாக வாய் மூடிக் கொண்டிருந்தால்?

மகளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் காலத்துத் தகப்பன்மார்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாலையில் பேரன் கம்மிய குரலில் ஐஸ்கிரீம் கேட்டான். சட்டையை மாட்டிக் கொண்டு புறப்பட்டவன், வாசற்படியில் நின்று திரும்பினேன்.

"கொடுக்கலாமா என்று டாக்டரை எதற்கும் ஒரு தடவை கேட்டுவிடேன், அம்மா" என்றேன்.