டீ குடிக்கலாம், எப்போ குடிக்கிறோம்கிறதுதான் விஷயம்

எந்த டாக்டரிடம் போய் வந்தாலும் எங்க மாரிகுப்பத்து ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "டீ குடிக்கலாமா?" ஷிப்டு முறையில் ஓடிய ஊர். மைன்ஸில் இறங்கப் போகிறவருக்கும் டீ, ஏறி வந்தவருக்கும் டீ. 2001-ல் மைன்ஸை மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகிற பலருக்கு டீயும் பன்னும்தான் டிபன். இவர்களிடம் "டீயை விடுங்க" என்று சொல்லிப் பாருங்கள் :-)

போன வருஷம் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.6. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறவில்லை. போனில் கேட்டேன், "எதோட போடறேக்கா?"

"டிபன் முடிஞ்சதும் டீயோடதான்டா."

சங்கதி அதுதான். டீயில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் உறிஞ்ச விடாமல் செய்துவிடும். கீரை, ராகி, பருப்பில் இருக்கிற இரும்புக்கும் இதே கதி. கறி, ஈரலில் உள்ளதற்குப் பாதிப்பு குறைவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம்ம வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

டாக்டரும் அதையே சொல்ல, அக்கா மாத்திரையை எலுமிச்சை ஜூஸோடு போட ஆரம்பித்தாள். வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். டீ பதினோரு மணிக்குப் போனது. இரண்டு மாதத்தில் 10.4.

மற்றவர்களுக்கும் கொஞ்சம்:

தைராய்டு மாத்திரையா? வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் டீ. இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

சர்க்கரை நோயா? கப்புக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஐந்து டீயில் 40-50 கிராம் சர்க்கரை. நோய் இல்லாதவருக்கே நாள் முழுக்க 50 கிராமுக்குள், முடிந்தால் 25-க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெல்லம் போட்டாலும் கணக்கு அதேதான்.

டயாலிசிஸா? டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும். "உடம்புக்கு நல்லது" என்று இளநீர் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம், இதயத்துக்கு ஆபத்து.

தூரத்தில் இருக்கும் நாம் "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுகிறோம். அடுத்த தடவை "எத்தனை மணிக்கு, எதோட போட்டே?" என்றும் கேளுங்கள்.