டோவர்: போக ஒரு முடிவு, திரும்பிவர 27

லண்டனிலிருந்து லாச்சப்பல் பக்கம் சொந்தங்களைப் பார்க்கப் போகிற எங்கட ஆக்களுக்கு டோவர் வெறும் துறைமுகம்தான். அடுத்தமுறை பிள்ளைகளோடு போனால் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் ஊரைப் பாருங்கோ. பிரெக்சிட் என்றால் என்னவென்று இந்த ஊர் நன்றாகவே சொல்லித்தரும்.

வெள்ளைப் பாறைகளின் மேல் நின்றால், வானம் தெளிந்த நாளில் பிரான்ஸ் கரை தெரியும். 33 கிலோமீற்றர்தான். இவ்வளவு கிட்ட இருந்தும், 2016 வாக்கெடுப்பில் டோவர் மாவட்டத்தில் 62 சதவீதம் பேர் வெளியேறவே வாக்களித்தார்கள். அடுத்த வருடம் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சுவரில் பாங்க்சி ஓவியம் ஒன்று வரைந்தார். ஐரோப்பியக் கொடியின் நட்சத்திரம் ஒன்றை ஏணியில் நின்று ஒருவர் உளியால் கொத்துகிறார். பிறகு அதற்கு மேல் வெள்ளை பூசினார்கள். 2023இல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

துறைமுகத்துக்குள், இங்கிலாந்து மண்ணிலேயே பிரெஞ்சுப் பொலிஸ் பாஸ்போட் பார்க்கும். 2021 முதல் இறைச்சி கொண்டுபோக ஏலாது. மட்டன் றோல்ஸை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுங்கோ. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம்.

வரிசையில் நிற்கும்போது மகள் கேட்டாள்: "அப்பா, திரும்பச் சேர ஏலாதா?"

ஏலும். ஆனால் வெளியேற ஒரு நாடு முடிவெடுத்தால் போதும். சேர 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பிரித்தானியா இதை முன்பே அனுபவித்தது. 1963இலும் 1967இலும் பிரெஞ்சு ஜனாதிபதி டி கோல் மறித்தார். 1973இல்தான் உள்ளே போக முடிந்தது. யூரோவில் சேராமல் பவுண்டை வைத்திருந்தது, உறுப்பினர் கட்டணத்தில் கழிவு வாங்கியது போன்ற பழைய சலுகைகள் இனியும் கிடைக்குமா என்பது சந்தேகம். பிரெக்சிட் பிழை என்று சொல்பவர்கள்தான் இன்று கருத்துக்கணிப்புகளில் அதிகம். ஆனாலும் திரும்பச் சேரமாட்டோம் என்று சொல்லித்தான் தொழிற்கட்சி 2024 தேர்தலில் வென்றது.

பெரிய கதவு மூடியிருக்க, சின்னக் கதவுகள் திறக்கின்றன. ஹொரைசன் ஆய்வுத் திட்டத்தில் 2024இல் திரும்பச் சேர்ந்தாயிற்று. மாணவர்கள் ஐரோப்பாவில் போய்ப் படிக்க உதவும் எராஸ்மஸில் 2027 முதல் சேர உடன்பாடு வந்திருக்கிறது.

பாரிஸில் சித்தி வீட்டில் தங்கி வேலை தேடுகிற உரிமை பிரித்தானிய பாஸ்போட் வைத்திருந்த எங்களுக்கு இருந்தது. அதே பாஸ்போட் வைத்திருக்கிற எங்கட பிள்ளைகளுக்கு அது இல்லை. 2016இல் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்தமுறை இந்தக் கேள்வி வரும்போது வாக்குப் போடப்போவது அவர்கள்தான். அதுவரை பிரெஞ்சு வகுப்பை நிறுத்தாதேங்கோ.