கீறலும் கிழிசலும்

காஞ்சிரங்குளத்தில் வாழையும் மரச்சீனியும் பயிரிடும் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர், மேல்வயிற்றில் திடீரென எழுந்த கடும் வலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ஸ்கேனைப் பார்த்த மருத்துவர், குடலுக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியில் ‘கீறல்’ விழுந்திருப்பதாகவும் அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும் மலையாளத்தில் கூறினார். வீட்டில் தமிழ் பேசும் அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. தமிழில் கீறல் என்பது முள் பட்டுத் தோலில் விழும் கோடு. மலையாளத்தில் அது துணி கிழிவது போன்ற கிழிசல்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இரு மொழியும் புழங்கும் அவ்வூர்களில் பொதுச்சொல்லே சில வேளைகளில் பொருளை மறைத்துவிடுகிறது.

தமனியின் சுவர் மூன்று படலங்களால் ஆனது. உட்படலம் கிழிந்தால் குருதி சுவருக்குள் புகுந்து பொய்வழி ஒன்றை உண்டாக்கும். மெய்வழி நெருக்கப்பட்டுக் குறுகும். நாளம் வெடிக்காமலும் குடல் அழுகாமலும் இருந்தால் பெரும்பாலும் கத்தியின்றியே கையாளலாம். முதலில் சில நாள் வாய்வழி உணவு நிறுத்தப்படும். நரம்பு வழியே திரவமும் வலிமருந்தும் செலுத்தப்படும். இரத்த அழுத்தம் கட்டுக்குள் வைக்கப்படும். பின்னர் சிறிது சிறிதாக உணவு, மீண்டும் ஸ்கேன். மகாதமனிக் கிழிசலில் இவ்வழியை 1965-இல் முன்வைத்த மைரன் வீட் ஓர் அறுவை மருத்துவர். நாடித்துடிப்பின் விசையே கிழிசலை நீட்டுகிறது, அவ்விசையை மருந்தால் தணிக்கலாம் என்பது அவர் வாதம்.

ஆகவே ‘அறுவை வேண்டாம்’ என்பதற்கு ‘சிகிச்சை வேண்டாம்’ என்று பொருளில்லை. அவரோ வீடு திரும்பிய இரண்டாம் வாரமே பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார். எண்ணிக்கை குறையாத மாத்திரை அட்டையைக் கண்டு மகள் கேட்டபோது, “கீறல்தானே மக்களே, ஆறியிருக்கும்” என்றார்.

“அது கிழிஞ்சதாக்கும், அப்பா” என்றாள் அவள்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. அன்றிரவே மாத்திரையை எடுத்துக்கொண்டார், பீடியையும் விட்டார். மூன்றாம் மாத ஸ்கேனில் பொய்வழி சுருங்கியிருந்தது. மருத்துவமனைச் சீட்டின் பின்புறம் மகள் தமிழில் எழுதிவைத்த வரிகள் இன்றும் அவர் வீட்டுச் சுவரில் உள்ளன: வலி திரும்பினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, பொழுது விடியக் காத்திருக்க வேண்டாம்.