விஜய் சூப்பருக்குப் புது ஃபோர்க்

சனி

புதுப்பேட்டைக் கடையிலிருந்து ஃபோர்க் வந்துவிட்டது. பழையதன் இடது கால் எப்போதோ ஒரு முட்டலில் மடங்கியிருக்கிறது. யாரோ பெண்டு எடுத்து, வெல்டு வைத்து, பெயிண்டால் மூடிவிட்டார்கள். பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் ஒதுங்குகிறது.

மிலானின் இன்னொசென்டி ஆலையிலிருந்து எந்திரங்களை வாங்கிவந்து லாம்ப்ரெட்டாவை விஜய் சூப்பராக விற்றது லக்னோவின் ஸ்கூட்டர்ஸ் இந்தியா. 1997-ல் உற்பத்தி நின்றது. இனி பட்டறைகள் போடும் மாற்று ஃபோர்க்தான் கதி. பெர்டோனே வடிவமைத்த ஒடிசலான உடம்பு பார்க்க அழகு. நேராக ஓடுவது வேறு விஷயம்.

பஜாஜுக்கும் வெஸ்பாவுக்கும் முன்பக்கம் ஒற்றைக் கால். இதற்கு இரண்டு. இரண்டும் சமமாக இல்லாவிட்டால் சக்கரம் சாய்ந்துதான் உட்காரும். காரில் டை ராடைத் திருகிச் சரிசெய்யலாம். இங்கே திருக எதுவுமில்லை, இரும்பு எப்படி நிற்கிறதோ அதுதான் அலைன்மென்ட். எனவே மாட்டுமுன் அளக்க வேண்டும் என்பது என் கட்சி.

"புது மால் சார், மாட்டிப் பாத்துக்கலாம்" என்றார் மெக்கானிக் பாய்.

லிங்க் போல்ட் போகும் இரு துளைகளிலும் நேரான கம்பி ஒன்றைச் செலுத்தினோம். தடையில்லாமல் போனது. கம்பி இரு பக்கமும் ஒரே அளவு நீட்டியிருக்கும்படி வைத்து, ஸ்டியரிங் குழாயின் உச்சியிலிருந்து இரு நுனிகளுக்கும் டேப் பிடித்தால் வலப்பக்கம் 3 மி.மீ. கூடுதல். பாய் பெண்டு எடுக்கக் கிளம்பினார். புது வெல்டை நெம்பி நிமிர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை. கடைக்காரர் முனகாமல் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

செவ்வாய்

மாற்றி வந்தது அளவில் நின்றது. கீழ் பேரிங்கின் கோன் உட்காரும் இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருந்தது. சுரண்டாமல் ஏற்றினால் கோன் சாய்ந்துவிடும். மரையிலும் பெயிண்ட்தான். ஸ்டியரிங் குழாய் நீளம், கீழிருந்து நுழைக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தை நன்றாகத் தூக்கிக் கட்டினோம். பேரிங், கிரீஸ் எல்லாம் புதிது. மேல் நட்டை இறுக்கிச் சற்றே தளர்த்தியதும் ஹேண்டில் இரு பக்கமும் தன் எடையில் விழுந்தது. சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் தட்டும் சத்தம் இல்லை. இந்த வேலையில் பாயின் கைக்கு நிகரில்லை.

புதன்

நூல் பிடித்தோம். இரு டயரும் 3.50-10, ஒரே அகலம்; மோட்டார் சைக்கிளைப் போலக் கழித்துப் பார்க்கும் தொல்லையில்லை. சைலன்சர் இடிக்காதபடி, பின் டயரின் முன், பின் விளிம்புகளில் ஒரே கனமுள்ள மரத்துண்டுகளை வைத்து, இரு பக்கமும் கொத்தனார் நூலை முன்சக்கரம் வரை இழுத்தோம்.

முன் டயரை நூலுக்கு இணையாக நிறுத்தியும் இடப்பக்க இடைவெளி அதிகம், வலப்பக்கம் குறைவு. ஃபோர்க் நேர் என்பது அளந்து தெரிந்தது. மிச்சம் பின்சக்கரம்தான்.

பைக்கில் செயினைத் தள்ளிப் பின்சக்கரத்தைத் திருப்பலாம். லாம்ப்ரெட்டாவில் செயின் எஞ்சின் கூட்டுக்குள். சக்கரம் கியர்பாக்ஸ் தண்டிலேயே மாட்டியிருக்கிறது. எஞ்சின் கோணினால் சக்கரமும் கோணும். எஞ்சினைத் தாங்கும் நீள போல்ட்டின் இரு முனை ரப்பர் புஷ்களை டார்ச் அடித்துப் பார்த்தோம். இடப்பக்கத்தது ஒருபுறம் நசுங்கி, ரப்பர் பிதுங்கியிருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் பாய். இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன். சுத்தியலால் அடித்தால் எஞ்சின் கூடு விரிசல் விடும், பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். நாளை லேத் பட்டறையில் கேட்டுவிட்டு எஞ்சினை இறக்குவதாகப் பேச்சு.